சங்கத்துப் பழைய வண்டியும் எண்ணெய்ச் செலவும்

குடியாத்தத்துத் தறிகளில் நெய்த கைலிக் கட்டுகளும், அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காயும், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துத் தேங்காயும் சந்தைக்குச் சென்று சேர்வது பெரும்பாலும் சிறு பாரவண்டிகளின் உதவியால்தான். பிக்கப் என்று யாவரும் வழங்கும் இவ்வண்டி புதிதாய் வந்த காலத்தில் சங்கத்துக்கு ஒரு சிறப்பு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அதுவே கூட்டந்தோறும் எழும் ஒரு குறையாகிவிடுகிறது. "முன்பு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது ஒன்பதுதான் கொடுக்கிறது" என்று செயலாளர் கணக்கு வாசிப்பார். உடனே மூன்று வகையான பேச்சுகள் எழும். வண்டியை விற்றுவிடலாம் என்பார் ஒருவர். எஞ்சினை இறக்கிப் புதுப்பிக்கலாம் என்பார் மற்றொருவர். மூன்றாமவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் ஓட்டுநரைத் திரும்பிப் பார்ப்பார்.

இம்மூன்றுமே விலை மிகுந்த முடிவுகள். புது வண்டிக்குக் கடன் வேண்டும். எஞ்சினை இறக்கினால் பல ஆயிரங்கள் செலவாகும். ஓட்டுநரை ஐயுற்று அனுப்பிவிட்டாலோ, அவர் குற்றமற்றவராயின், ஒரு குடும்பத்தின் பிழைப்பும் ஒரு மனிதரின் நற்பெயரும் போய்விடும். எண்ணெய்ச் செலவும் குறையாது. ஆகவே முடிவு செய்வதற்குமுன் காரணத்தைக் கண்டறியும் முறை யாது என்பதை அங்கத்தினர்களுக்கு விளங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குப் பொறியியற் படிப்பு வேண்டுவதில்லை. பொறுமையும், ஒரு குறிப்பேடும், செலவு குறைந்த சோதனையை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

இழப்பு எவ்வளவு?

உதாரணமாக, வண்டி மாதத்துக்கு 2,400 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் 200 லிட்டர் செலவாகும். 9 கிலோமீட்டர்தான் கிடைத்தால் ஏறத்தாழ 267 லிட்டர் செலவாகும். கணக்குக்கு எளிதாக லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால், வேறுபாடு மாதத்துக்கு 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000 ரூபாய். இப்பணம் வானத்திலிருந்து வருவதன்று. நெசவாளரின் கூலியிலும், விவசாயி கூடைக்குக் கொடுக்கும் வாடகையிலும் இருந்தே போகிறது. எனவே இது மெக்கானிக்கின் கவலை மட்டுமன்று, அங்கத்தினர் ஒவ்வொருவரின் கவலையுமாகும்.

முதற்கண் அளவை

குறை கூறுமுன் அளக்க வேண்டும். வண்டியின் முள்ளைப் பார்த்து "கால் டேங்க் போயிற்று" என்று சொல்வது அளவையன்று. பழைய வண்டிகளின் எண்ணெய் முள் ஏற்றத்தில் ஒன்றும் இறக்கத்தில் ஒன்றும் காட்டும். முறையான வழி பின்வருமாறு:

சமதளமான ஒரு பங்கில் டேங்க் நிரம்பும் வரை எண்ணெய் பிடிக்க வேண்டும். மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் வழக்கமான வேலையில் ஓட்டி, அதே பங்கில், அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை பிடித்த லிட்டரைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மையான கணக்குக் கிடைக்கும். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நலம். ஐந்து லிட்டர், பத்து லிட்டராகப் பிடித்துக் கணக்கிட்டால் நிரப்புவதில் நேரும் சிறு வேறுபாடே பெரும் பிழையாகத் தோன்றும்.

சித்திரை வெயிலில் எண்ணெய் விரிந்து அளவு குறைகிறது என்று சிலர் கருதுவர். டீசல் வெப்பத்தால் விரிவது உண்மையே. எனினும் பத்து டிகிரி மாறினாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வேறுபடும். பன்னிரண்டு ஒன்பதானதற்கு அது காரணமாகாது.

அடுத்து, தூரம் காட்டும் மீட்டரையே சோதிக்க வேண்டும். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்கள் வரிசையாக உள்ளன. இருபது கற்களைக் கடந்து, மீட்டரும் இருபது காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். பழைய டயர்களை மாற்றும்போது அளவில் பெரிய டயர் போட்டிருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும். ஆனால் மீட்டர் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஐந்து கூடியிருந்தால், 105 கிலோமீட்டர் ஓடிய வண்டி 100 என்றே காட்டும். அப்போது எண்ணெய் வீணாகவில்லை, கணக்குத்தான் தவறியது. இவ்வகைக் குறைக்கு எஞ்சினைப் பிரிப்பது வீண்.

திடீரென்றா, மெல்ல மெல்லவா?

குறிப்பேடு உள்ள சங்கத்துக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. மைலேஜ் எப்போது குறைந்தது என்பதை அது காட்டிவிடும். ஒரே வாரத்தில் பன்னிரண்டு ஒன்பதாகியிருந்தால், காரணமும் திடீரென வந்ததாகவே இருக்க வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டது, குழாய் கசிந்தது, பட்டறையில் எதையோ மாற்றியது, பங்கு மாறியது, பாதை மாறியது, அல்லது எண்ணெய் வெளியே போனது என இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைந்திருந்தால், தேய்மானம், அடைப்பு, நாசில் பழுது, காற்றுக் குறைவு ஆகியவற்றைத் தேட வேண்டும். களவு மெல்ல மெல்ல வளர்ந்து புகையாகவும் வெளிவருவதில்லை. இதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வது நன்று.

எண்ணெய் எங்கே போகிறது?

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் தம் எஞ்சினை வெற்றியாக இயக்கிக் காட்டினார். அதன் தத்துவம் இன்றும் மாறவில்லை. காற்றை மட்டும் உள்ளிழுத்து இறுக அழுத்தினால் அது மிகச் சூடாகிறது. அச்சூட்டில் எண்ணெயைப் பனித்துளி போலத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. எரிவதால் பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. மிகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகக் கழிகிறது. சக்கரத்தை நோக்கிச் சென்ற ஆற்றலும் டயரின் நசுங்கலுக்கும், பிரேக்கின் உராய்வுக்கும், எதிர்க்காற்றுக்கும், மேட்டில் ஏறுவதற்கும் பங்கிடப்படுகிறது.

ஆகவே எண்ணெய்ச் செலவு மிகுவதற்கு வழிகள் நான்கே. ஒன்று, எண்ணெய் எஞ்சினுக்குள் போகாமலே வெளியேறுகிறது. இரண்டு, உள்ளே போனது சரியாக எரியவில்லை. மூன்று, எரிந்து பிறந்த ஆற்றல் வழியில் விழுங்கப்படுகிறது. நான்கு, வண்டியிடம் வேண்டாத வேலையை நாம் வாங்குகிறோம். இந்நான்கையும் முறையாகப் பார்ப்போம்.

கசிவு

இரவில் வண்டியை நிறுத்துமிடத்தில் அட்டையோ காகிதமோ விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். டேங்க், குழாய், பில்டர், பம்பு, நாசில்களிலிருந்து மிகுதி எண்ணெயைத் திருப்பிக் கொணரும் மெல்லிய குழாய் ஆகியவற்றைத் துணியால் துடைத்து, ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி பார்க்க வேண்டும். புழுதி ஈரமாய் ஒட்டியிருக்கும் இடமே கசிவிடம். திரும்புகுழாய் எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிவதால், நிறுத்திய வண்டியின் கீழ் அது தென்படாமற் போகலாம். நொடிக்கு ஒரு துளி சொட்டினால் ஓர் இரவு பகலில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். இச்சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை.

நமது வட்டாரத்துக்கே உரிய ஒரு காரணம்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுவதற்குப் பேர்போனவை. சங்க வேலை இல்லாத நாட்களில் வண்டியைத் தோல் மண்டிகளுக்கு வாடகைக்கு விடுவது சில இடங்களில் வழக்கம். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வைக்கப்படுகிறது. அதற்கு இடும் உப்பு தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரையும் அதற்கு மேலும் ஆவதுண்டு. அவ்வுப்பு நீராகிப் பலகைச் சந்துகளின் வழியே கீழே சொட்டுகிறது.

கடற்கரை ஊர் வண்டி எவ்வாறு துருவேறுமோ, அவ்வாறே உப்புத் தோல் ஏற்றிய வண்டியும் துருவேறும். துரு முதலில் பற்றுவது கண்ணுக்குப் படாத இடங்களையே. கை பிரேக்கின் கம்பிவடம் உறைக்குள் இறுகிவிடும். பின் சக்கர டிரம்மினுள் ஷூவைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கும், சிலிண்டரின் பிஸ்டனும் சிக்கிக்கொள்ளும். டேங்கின் மடிப்பிலும் இரும்புக் குழாயிலும் ஓட்டை விழும். ஓட்டுநர் கை பிரேக்கை விடுவித்துவிட்டதாகவே நினைப்பார். வடமோ பாதி பிடித்தபடியே நிற்கும். அந்நிலையில் வண்டி நாள் முழுதும் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடுகிறது. மாடு கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு ஏர் உழுவது போன்ற செயல் இது.

ஆகவே தோல் பாரம் ஏற்றிய நாளன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் நன்கு கழுவ வேண்டும். பாரத்தின் அடியில் தடித்த தார்ப்பாய் விரிக்க வேண்டும். கை பிரேக் வடத்துக்கு அடிக்கடி எண்ணெயிட வேண்டும். தோல் வாடகையாகக் கிடைக்கும் தொகை கணக்கில் வரவாகத் தெரிகிறது. உப்பினால் வரும் செலவு வேறு தலைப்பில் எழுதப்படுவதால் தெரிவதில்லை. வாடகை விகிதத்தை நிர்ணயிக்கும் நிர்வாகக் குழுவினர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது கடமையாகும்.

உருளும் தன்மை

பிரேக் பிடிக்கிறதா என்று அறிவது எளிது. வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை விடுவித்து, முன்னும் பின்னும் நகராதபடி ஒருவர் பிரேக் அருகில் இருக்க, இருவர் தள்ளிப் பார்க்க வேண்டும். இருவர் தள்ளி நகராத வெற்று வண்டியில் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றொரு சோதனை: பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெல்ல நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டு செல்லுங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் வீசினால், அங்கே பிரேக்கோ பேரிங்கோ பழுது என்று தெளியலாம்.

டயரின் காற்று அடுத்தது. நான்கு டயர்களிலும் காற்று ஒரு பவுண்டு குறைந்தால் எண்ணெய் நூற்றுக்கு 0.2 பங்கு கூடுதலாகச் செலவாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை மதிப்பிட்டுள்ளது. பத்துப் பவுண்டு குறைந்தால் நூற்றுக்கு இரண்டு. இது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு வேலூர் வெயிலில் ஓடும்போது சூடேறி வெடிக்கும் அபாயமும் உண்டு. வாரம் ஒருமுறை, காலையில் வண்டி கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போது அளவுக் கருவி கொண்டு பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவையாகாது. முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் சக்கரங்கள் நேரில் இல்லை என்பது பொருள். அதையும் சரிசெய்ய வேண்டும்.

புகை கூறும் செய்தி

உள்ளே போன எண்ணெய் சரியாக எரிகிறதா என்பதைப் புகையே கூறும். கறும்புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் போகிறது என்றோ, நாசில் தூவாமல் ஒழுக்குகிறது என்றோ பொருள். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது. டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது அழுத்தம் குறைந்திருக்கலாம். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் எடுக்கும் புகைச் சான்றிதழில் புகையின் அடர்த்தி எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அச்சான்றிதழைப் போலீசாருக்குக் காட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கின்றனர். பழைய சான்றிதழ்களைத் தூக்கி எறியாமல் வரிசையாக வைத்துப் பாருங்கள். எண் ஆண்டுதோறும் ஏறிவந்தால் எஞ்சினின் நோய் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். பாலாற்று மணலும், கிராமச் சாலையின் செம்புழுதியும் படிந்த ஏர் பில்டர் அவ்வளவு காற்றை எளிதில் விடாது. மூக்கடைத்தவன் மூட்டை சுமப்பது போல எஞ்சின் திணறும். பழைய வகை எஞ்சினில் காற்றுக் குறைந்தாலும் பம்பு எண்ணெயைக் குறைப்பதில்லை. அதனால் கறும்புகை எழுகிறது. பில்டரைத் தட்டித் துடைத்தே காலந்தள்ளாமல் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். டர்போ உள்ள வண்டியில் அதனின்று எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் கிழிந்திருந்தாலும் இதே விளைவு நேரும். கிழிசல் அடிப்பக்கத்தில் இருந்தால் மேலாகப் பார்க்கையில் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம்

கோடையில் எஞ்சின் கொதித்தால் சில பட்டறைகளில் செய்யும் முதல் வேலை, தெர்மோஸ்டாட் என்னும் சிறு அடைப்பானைக் கழற்றி எறிந்துவிடுவது. எஞ்சினின் நீர் ஏறத்தாழ எண்பது டிகிரி சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதே அதன் பணி. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் முழுதும் எரியாது, ஆயிலும் கெட்டியாக இருந்து உராய்வு மிகும், தேய்மானமும் கூடும். வேலூர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று சொல்வது பொருந்தாது. வெயில் நாற்பது டிகிரியானாலும் எஞ்சினுக்கு வேண்டியது எண்பதுக்கு மேல். பத்துக் கிலோமீட்டர் ஓடிய பின்னும் சூட்டு முள் கீழேயே நின்றால், இவ்வடைப்பான் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். கொதிப்புக்கு உண்மைக் காரணம் அடைந்த ரேடியேட்டரோ, தளர்ந்த பெல்ட்டோ ஆகும். அதைச் சரிசெய்வதே முறை. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது.

நாசிலும் பம்பும்

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் கறும்புகை நிற்கவில்லையாயின், அப்போதுதான் நாசிலிடம் செல்ல வேண்டும். நாசில்களைக் கழற்றி, அவற்றுக்குரிய சோதனை மேசையில் வைத்து, தூவுகிறதா, சொட்டுகிறதா, உரிய அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்ப்பர். சோதனையின்போது சங்கத்தார் ஒருவர் உடனிருந்து பார்ப்பது நலம். தூவல் நன்றாயிருந்தால் மாற்றத் தேவையில்லை.

பம்பில் எண்ணெயின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. "வண்டி இழுக்கவில்லை" என்று சொன்னால் அதைச் சற்றுத் திருகி விடுவோர் உள்ளனர். வண்டி இழுக்கும், கூடவே எண்ணெயும் குடிக்கும், புகையும் கக்கும். முத்திரையிட்ட அத்திருகைப் பம்புப் பட்டறையில் உரிய கருவி கொண்டன்றித் தொடவே கூடாது. இழுக்காமைக்குக் காரணம் அடைந்த டீசல் பில்டராகவோ, வழுக்கும் கிளட்ச்சாகவோ இருக்கலாம். மேடேறும்போது மிதித்தால் எஞ்சினின் ஒலி மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால், கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று அறியலாம்.

வண்டியின் வகையையும் அறிந்திருக்க வேண்டும். 1988-இல் டாட்டாமொபைல் என்று தொடங்கிய வரிசையின் பழைய வண்டிகளிலும், 2005-இல் வந்த டாட்டா ஏஸின் முதல் வகைகளிலும் எண்ணெயை அளப்பது இயந்திரப் பம்பேயாகும். 2011-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றில் காமன் ரெயில் முறை உள்ளது. அதில் கணிப்பொறி ஒன்று உணர்விகளைக் கேட்டு எண்ணெயை அளக்கிறது. சூட்டை உணரும் உணர்வி பழுதாகி, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகப் பொய் சொன்னால், கணிப்பொறி அதை நம்பி அதிக எண்ணெய் விடும். இத்தகைய வண்டிக்குத் திருப்புளியைவிடக் குறைகளைப் படிக்கும் கருவியே முதலில் வேண்டும்.

ஓட்டும் முறை

எதிர்க்காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அறுபதிலிருந்து எண்பதுக்கு வேகத்தை உயர்த்தினால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றின் தடையோ ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். எண்பதில் சென்றால் மிச்சமாகும் நேரம் பன்னிரண்டரை நிமிடம் மட்டுமே. மத்திய அரசின் சார்பில் 1978 முதல் இயங்கிவரும் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று நெடுங்காலமாகக் கூறிவருகிறது.

இங்கே நிர்வாகக் குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாரம் ஏற்றுவதை ஒரு மணி நேரம் தாமதப்படுத்திவிட்டு, விடியுமுன் வேலூர்ச் சந்தையில் நிற்க வேண்டும் என்று ஓட்டுநரை முடுக்கினால், அவர் வேகமாகத்தான் செல்வார். அவ்வெண்ணெய்ச் செலவு ஓட்டுநருடையதன்று.

நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவதும் அவ்வாறே. இத்தகைய எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு அரை லிட்டர் போகும். காலணித் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் ஆம்பூர்க் கடைத்தெருவில் சிக்கியும், இறக்குமிடத்தில் காத்தும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடவிட்டால், இருபத்தைந்து நாளில் இருபத்தைந்து லிட்டர் போய்விடும். புறப்படும் நேரத்தைச் சற்று மாற்றினாலே இதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

ஒரு தவறான சிக்கனத்தையும் எச்சரிக்க வேண்டும். பேரணாம்பட்டு மலைவழியிலோ, பதினான்கு கொண்டையூசி வளைவுகள் உள்ள ஏலகிரியிலோ இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுவோர் உள்ளனர். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் விசை சில மிதிகளில் தீர்ந்துவிடும், பாரவண்டி நிற்காது. உண்மையில் கியரில் வைத்துக் காலை எடுத்துவிட்டு இறங்கினால் பம்பே எண்ணெயை நிறுத்திவிடுகிறது. ஆகவே கியரில் இறங்குவதே சிக்கனமும் பாதுகாப்புமாகும்.

கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் போதாது

இதுவரை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே பேசினோம். சங்கத்துக்கு வேண்டியது அதனினும் வேறானது. ஒரு டன் சரக்கைக் கொண்டு சேர்க்க எத்தனை லிட்டர் என்பதே நமது உண்மைக் கணக்கு. உதாரணம் கூறுவோம். வண்டி ஒரு டன் பாரத்துடன் ஐம்பது கிலோமீட்டர் செல்ல 5 லிட்டரும், வெறுமையாகத் திரும்ப 4 லிட்டரும் ஆகின்றன. நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர். லிட்டருக்குப் பதினொன்றுக்கு மேல் கிடைக்கிறது. ஒரு டன்னுக்கான செலவு 9 லிட்டர். அதே வண்டி திரும்பும்போதும் நூல் மூட்டையோ, உரமோ, விதையோ ஒரு டன் ஏற்றி வந்தால் 10 லிட்டர் ஆகும். லிட்டருக்குப் பத்துதான் கிடைக்கும். குறிப்பேட்டில் மைலேஜ் குறைந்ததாகத் தோன்றும். ஆனால் ஒரு டன்னுக்கான செலவு 5 லிட்டராக இறங்கிவிட்டது.

இந்த மிச்சத்தை எந்த மெக்கானிக்காலும் தர முடியாது. விவசாயிகளின் சங்கமும் நெசவாளரின் சங்கமும் கூடிப் பேசி, போகும் பாரத்தையும் வரும் பாரத்தையும் பொருத்தினால்தான் கிடைக்கும். கூட்டுறவின் பயன் இவ்விடத்தில் கண்கூடாகத் தெரிகிறது. பழைய பலகைகள், பயன்படாத இரும்புச் சட்டம், நனைந்த தார்ப்பாய் ஆகியவற்றை நாள்தோறும் சுமந்து திரிவதையும் நிறுத்த வேண்டும்.

பங்கில் அளவு

ஐயமிருப்பின், பங்கில் ஐந்து லிட்டர் முத்திரைப் படி கொண்டு அளந்து காட்டுமாறு கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையே வேறுபாடு அனுமதிக்கப்படும். அன்றைய எண்ணெயின் அடர்த்தியும் அங்கே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இச்சோதனையைச் சண்டையாகக் கருதாமல் உரிமையாகக் கருதி மரியாதையுடன் கேட்டல் வேண்டும்.

ஐயத்தைப் பற்றி ஒரு சொல்

மேற்கூறிய யாவும் பார்த்தபின்னும் கணக்கு ஒத்துவரவில்லையென்றால், எண்ணெய் வெளியே போகிறதா என்ற கேள்வியை எழுப்பலாம். அதையும் மறைவில் பேசாமல் முறையாகச் செய்ய வேண்டும். டேங்கை நிரப்பி, நிர்வாகக் குழுவினர் ஒருவர் உடன் சென்று, வழக்கமான பாதையில் வழக்கமான பாரத்துடன் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பார்க்கட்டும். அப்பயணத்திலும் ஒன்பதே கிடைத்தால், குற்றம் வண்டியினுடையது. ஓட்டுநரின் மீதிருந்த ஐயம் அன்றே நீங்கியது என்று குறிப்பேட்டில் எழுதிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பன்னிரண்டு கிடைத்தால், மற்ற நாட்களில் நடப்பது என்ன என்று ஓட்டுநரையே முதலில் கேட்க வேண்டும். காத்திருப்பு, சுற்றுவழி, அங்கத்தினர் சிலர் வாங்கிக்கொள்ளும் எழுதப்படாத நடைகள் ஆகியவை அப்போது வெளிவரக் கூடும். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போடுவது எவரையும் அவமதிப்பதன்று. அது ஓட்டுநருக்கும் காவலாகும்.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள்தொட்டு, நமது இயக்கம் எழுதிய கணக்கையும் ஒருவர்க்கொருவர் கொண்ட நம்பிக்கையையும் இரு கால்களாகக் கொண்டே நடந்து வந்திருக்கிறது. கணக்கு இல்லாத இடத்தில் நம்பிக்கையும் நெடுநாள் நில்லாது.

செய்ய வேண்டுவன

எனவே நாம் கூறுவது இதுவே. வண்டியில் ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு நிரப்புதலிலும் தேதி, மீட்டர் எண், லிட்டர், பாரம், திரும்பு பாரம் ஆகிய ஐந்தையும் ஓட்டுநரே எழுதி வரட்டும். குறை தோன்றினால், முதல் வாரம் அளவையும் மீட்டரும். இரண்டாம் வாரம் கசிவும் டயரும் பிரேக்கும். மூன்றாம் வாரம் ஏர் பில்டர், டீசல் பில்டர், தெர்மோஸ்டாட். அதன்பின்னரே நாசிலும் பம்பும். எல்லாவற்றுக்கும் கடைசியில் எஞ்சின் என்ற வரிசையில் செல்க. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணமளித்தது என்பது தெரியாமற்போகும். ஒன்றை மாற்றி, ஒருமுறை நிரப்பி ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்வதே நன்முறை.

எட்டாண்டுக்கு மேற்பட்ட பாரவண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. அதற்காக எப்படியும் பட்டறைக்குச் செல்லும் வண்டியை, இவ்வரிசையுடன் சென்று சோதித்தால் தனிச் செலவும் வேண்டா. இத்தனையும் செய்தபின் எஞ்சினின் அழுத்தமே குறைந்துவிட்டது என்று தெளிவானால், புதுப்பிப்பதா, விற்பதா என்பதைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பொதுக்குழு முடிவு செய்யட்டும். அம்முடிவு எதுவாயினும், அது ஊகத்தில் பிறந்ததாக இராது.